அறுபத்துநாலு தலையும் நாலு அடியும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கி, பின்னேர அஸர் தொழுகைக்குள் அறுபத்துநாலு தலைகளை எடுத்து முடித்தேன்.

ஆயுதம் ஒரு சின்னக் கத்தரிக்கோல். மீராசாகிபுப் போடியாரின் மகள் தன் கல்யாணத் தலையணைகளுக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த கத்தரிக்கோல் அது. உள்ளறைக் கதவின் பின்னாலிருந்து ஒரு வளையல் கை அதை நீட்டியது. வேலை முடிந்ததும் அதே கை வாங்கிக்கொண்டது.

புதுச் சீமெந்துத் தரையில் பாயை விரித்தேன். நாலு படங்களையும் சட்டத்திலிருந்து கழற்றி மல்லாத்தி வைத்தேன். பழுப்புத் தாளை வட்டம் வட்டமாக வெட்டி, கோதுமை மாப் பசை தடவி, ஒவ்வொரு தலையாக மூடிக்கொண்டு போனேன். குதிரைத் தலை இரண்டு, நாய்த் தலை மூன்று. மற்றதெல்லாம் மனிதத் தலைகள்.

அவை வெள்ளைக்காரத் தலைகள். ஆகவே எங்கள் ஊரில் யாருக்கும் சேதமில்லை என்றுதான் நினைத்தேன்.

முப்பது வயதைத் தொடாதவனுக்கு நினைவுக் குறிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வாசகர் இந்த இதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் ஐயா. நானும் சும்மா இருந்துவிட்டால் எங்கள் வீட்டில் இதுவரை எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

துரை விட்டுப் போன சாமான்

போடியாருக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். எங்கள் கரையில் கரைவலை. எங்கள் பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கக் குடிக்கு ஒருவராக ஏழு மரைக்கார்கள். அவர்களுக்குத் தலைவரும் அவரே. வயல், வலை, பள்ளி மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டதால் எங்கள் ஊரில் கருத்து வேற்றுமை குறைவு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவார். அதனால் மகளின் புது வீட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளக்க வேண்டும் என்று போடியார் பாடுபட்டார். அந்த நேரம் பார்த்து, உள்பக்கக் குளத்து வேலையில் இருந்த வெள்ளைக்காரத் துரையொருவர் சொந்த நாட்டுக்குப் புறப்பட்டார். அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. போடியார் ஒரு கண்ணாடி அலுமாரியும், இரண்டு சாய்மனைக் கதிரையும், கருங்காலிச் சட்டத்தில் பொன் கோடு ஓடிய நாலு படங்களும் கொண்டுவந்து இறக்கினார்.

எஸ்.எஸ்.சி. சித்தியடைந்து, உத்தியோகம் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த எனக்கு ஆள் வந்தது.

"தம்பி, உனக்கு இங்கிலீசு வருமெல்லா? படத்துக்குக் கீழ என்ன எழுதியிரிக்கி எண்டு பார்" என்றார் போடியார். "பெரிய மனிசன் ஒருத்தருக்கு வரவேற்பு நடக்குது. எனக்கே விளங்குது. மேடையைப் பார், சனத்தைப் பார். பூ எறியிறாங்க. அவர் ரெண்டு கையையும் ஏந்தித் துஆக் கேக்கிறார்."

நான் முழந்தாளிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். எறிந்தது முட்டை. ஒருவன் கையில் செத்த பூனை, வாலில் பிடித்தபடி. மேடையில் நின்றவர் கைகளை ஏந்தவும் இல்லை. ஒரு பலகையில் மூன்று துளை. நடுத்துளையில் கழுத்து, இரண்டு பக்கத்திலும் கைகள்.

இரண்டாவது படத்தில் ஒரு ரொட்டிக்காரனைப் பலகையில் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போகிறார்கள். நிறை குறைந்த ரொட்டி அவன் கழுத்தில் தொங்குகிறது. மூன்றாவதில் ஒரு பெண்ணைக் கதிரையில் கட்டிக் குளத்தில் முக்குகிறார்கள். அவள் செய்த குற்றம் அதிகம் பேசியது. நாலாவதில் உயர்ந்த ஆசனத்தில் மூன்று நீதிபதிகள். ஒருவர் கையில் எலும்பை வைத்துக் கடிக்கிறார். ஒருவர் வெளியே விரலை நீட்டுகிறார். நடுவில் இருப்பவர் வயிற்றில் கைகளைக் கோத்து, முழங்கால்களுக்கிடையே பிரம்பை நிறுத்தி, உறங்குகிறார்.

அகராதியோடு இரண்டு நாள் போராடினேன். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஊருக்கு முன்னால் நடந்த தண்டனைகளை யாரோ கேலியாகக் கீறியிருக்கிறான். அவனுக்கு ஒரு வினோதமான பழக்கம். தண்டனை பெறுகிறவர்களுக்கு மட்டும் மனித முகம் வைத்திருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பன்றி மூக்கு, தவளை வாய், நரித் தாடை. நீதிபதிகளுக்குக் காற்றுக் குடித்த பேத்தை மீனின் கன்னம்.

பத்தொன்பது வயதில் அப்படியொரு படத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உண்மையைச் சொல்வது படித்தவனின் கடமை என்று போடியாரிடம் போனேன்.

"போடியார், இது வரவேற்பில்ல. தண்டனை. ஊருக்கு முன்னால நிப்பாட்டி வெக்கப்படுத்திற தண்டனை."

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்டனையா? அட, அப்ப இன்னும் நல்லம்! மரைக்கார்ர ஊட்டுல நீதிப் படம் தொங்க வேணாமா? ஒவ்வொண்டுக்குக் கீழயும் நல்ல எழுத்தில 'நீதி' எண்டு எழுது."

"முகங்களை ஒருக்காப் பாருங்க, போடியார். ஆக்கள்ர மூஞ்சியை எப்பிடிக் கீறி இரிக்கான் எண்டு…"

"முகத்துக்கு என்ன? வெள்ளைக்காரன்ட மூஞ்சி அப்பிடித்தான்."

'நீதி' என்று நாலு தரம் எழுதினேன். இந்தியன் மை தொட்டு, அழகான எழுத்தில்.

மலக்குகள் வராத வீடு

அடுத்த இடைஞ்சல் பள்ளி லெவ்வையால் வந்தது. ஓதிக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உசிருள்ள உருவம் தொங்கிற ஊட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க, போடியார். நிக்காஹ் எப்பிடி ஓதுற?"

"மாப்புள ஊட்டார் வியாழக்கிழமை பாக்க வாறாங்க, லெவ்வை. படத்தைக் கழட்டினா செவரில ஆணி ஓட்டைதான் மிச்சம்."

வானவர்களான மலக்குகளா, மாப்பிள்ளை வீட்டாரா என்று நெடுநேரம் யோசனை நடந்தது. கடைசியில் லெவ்வை தாடியைத் தடவிக்கொண்டு ஒரு வழி சொன்னார்.

"தலை இல்லாட்டி அது உசிருள்ள உருவமில்ல. மரம் மட்டை மாதிரித்தான்."

"கேட்டியா தம்பி? தலையை எடு" என்றார் போடியார்.

சந்தேகங்கள் எழுந்தன. முதல் படத்தின் மூலையில் விழுந்த முட்டைக்கோவாவைத் தின்றுகொண்டு ஒரு பன்றி நின்றது. அதற்கும் தலையை மூடினால் போதுமா என்று கேட்டேன். லெவ்வை சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்: "அதை முழுசா மூடு! வாலையும் சேத்து மூடு!"

அடுத்து, கதவுக்குப் பின்னாலிருந்து போடியாரின் மனைவி: "கதிரையில இரிக்கிறவளுக்குக் கெண்டைக்கால் தெரியிது. ஆம்புளையள் வந்து இரிக்கிற இடம்."

அந்தப் பெண்ணையும் முழுதாக மூடினேன். அதன் பிறகு மூன்றாவது படத்தில் தலையில்லாத பத்துப் பேர் ஒரு வெறுங்கதிரையைக் குளத்தில் முக்கி எடுக்கும் முக்கியமான அலுவலில் இருந்தார்கள்.

மாமாவின் குற்றம்

இவ்வளவையும் நான் கூலி இல்லாமல் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை என் மாமாவுக்கு அடி.

உதுமான் மாமா என் உம்மாவின் தம்பி. கரைவலையில் கயிறு இழுப்பவர். "படிச்சு என்ன, கடலுக்குக் கடிதம் எழுதப் போறானா?" என்று என் வாப்பா சிரித்தபோது, என் கையைப் பிடித்து மிசன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் அவர். நான் ஓடிவிடுவேன் என்று முதல் கிழமை முழுவதும் மணியடிக்கும் வரை வாசலில் குந்திக்கொண்டிருந்தார்.

அவருடைய குற்றம், தொடர்ந்து மூன்று ஜும்ஆத் தொழுகை தவறியது. சூடை மீன் கூட்டமாக வந்த நாட்கள் அவை. மூன்று வெள்ளியும் பகல் நேரத்தில் வலை கரைக்கு வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் முறை வைத்துப் பள்ளிவாசலுக்குப் போய் வந்தார்கள். மீன் சேரும் மடியை நெருங்கும் கயிறு மாமாவின் கையில் இருந்ததால் அவர் போகவில்லை.

அந்த வலை யாருடையது என்று வாசகர் கேட்பார். போடியாருடையது. மீனை விட்டுவிடக் கூடாது என்று கரைக்கு ஆள் அனுப்பியவரும் போடியார். பள்ளியில் விசாரணை வைத்துத் தீர்ப்புச் சொன்னவரும் போடியார். இந்த மூன்று போடியாரும் ஒருவரையொருவர் எங்காவது சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிவாசலின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் குற்றவாளி சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்து விளக்குத் தூணைப் பார்த்து நிற்பான். பாங்கு சொல்லும் மோதினார் புளியங்கம்பால் நாலு அடி அடிப்பார். கமுக்கட்டில் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, இடுக்கிக்கொண்டுதான் அடிக்க வேண்டும். காய் விழுந்தால் கை அளவுக்கு மிஞ்சி உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாலாவது அடிக்குப் பிறகு அவன் திரும்பி, கூடியிருக்கும் எல்லாருக்கும் கை கொடுத்து ஸலாம் சொல்வான். எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். அத்தோடு கதை முடிந்தது. பிறகு அதைப் பற்றி வாய் திறப்பவனுக்கும் நாலு உண்டு. இதை எழுத மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்பதை மரைக்கார்மாருக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மாமாவின் மகளுக்கு அப்போது பக்கத்து ஊரில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தூணோடு நிற்கும் மாமாவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசித் தலையையும் ஒட்டிவிட்டுப் போடியார் முன்னால் போய் நின்றேன்.

"மாமாவை மன்னிச்சு விடுங்க, போடியார். உங்கட வலையிலதானே நிண்டார்?"

போடியார் பிரம்பால் படத்தைக் காட்டினார்.

"கீழ என்ன எழுதியிரிக்கி? நீதானே எழுதினாய். வாசி."

"நீதி."

"அவ்வளவுதான், தம்பி."

தலை போன பின்

வியாழக்கிழமை வீடு பார்க்க ஊர் வந்தது. காலையில் பெண்கள், அஸருக்குப் பின் ஆண்கள். பெண்கள் நேரத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் அலுமாரியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, படங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள்தான் நின்றார்கள்.

தலை இருந்தவரை அவர்கள் வெள்ளைக்காரர்கள். தலை போனதும் நீளக் கோட்டும் வயிறும் கையும் காலும்தான் மிச்சம். நீளக் கோட்டு எங்கள் மரைக்கார்மாரும் போடுவதுதானே? முதலில் கண்டுபிடித்தவர் பாய் இழைக்கும் பாத்துமுத்து மாமி. உறங்குகிற நீதிபதியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தார்.

"அல்லாஹ்வே! இது நம்மட போடியாரில்லையா?"

"மெல்லமாக் கதைங்க மாமி, உள்ளுக்கு ஆக்கள் நிக்காங்க."

"நான் பொய்யா சொல்றன்? வயிறைப் பார். கையைக் கோத்திரிக்கிற சீரைப் பார். பின்னேரத்தில இப்பிடித்தானே உறங்கிறார்."

அணை உடைந்தது. எலும்பு கடிப்பவர், ஒரு கந்தூரிச் சோறும் தவறவிடாத இன்னொரு மரைக்காராகிவிட்டார். கழுத்தில் ரொட்டி தொங்குபவன் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று காலை ரொட்டி வாங்கிய எல்லாருக்கும் தெரிந்தது. வெறுங்கதிரைப் படத்துக்குப் பாத்துமுத்து மாமியே விளக்கம் கொடுத்தார்: "இது பள்ளிக் கொமிட்டி. ஒருத்தரும் இரிக்காத கதிரையை எல்லாருமாப் புடிச்சுக் கழுவுறாங்க."

"அந்த முட்டை வச்சிரிக்கிறது நீதான் புள்ள."

"போ லாத்தா. செத்த பூனையை வச்சிரிக்கிறது உங்கட மச்சி."

எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரரின் தலையை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். தன் தலையை வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

ஆண்கள் வந்தபோது நான் இன்னும் ஊக்கமாகிவிட்டேன். பலகைத் துளையில் கை மாட்டி நிற்பவனைக் காட்டி, "இது ஆரு?" என்று கேட்டேன். "நாளைக்கு உதுமான்" என்றார்கள். சிரித்தார்கள். ஊருக்குக் கண் திறந்துவிட்டது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை

பெருநாளுக்குக்கூட அந்த முற்றத்தில் அவ்வளவு சனத்தை நான் கண்டதில்லை. மாமா சட்டையை மடித்துத் தரையில் வைத்துவிட்டு நின்றார். வியாழக்கிழமை முழுவதும் வலையோடு கரையில் நின்றதால் அவர் படங்களைப் பார்த்திருக்கவில்லை. மோதினார் தேசிக்காயை இடுக்கிக்கொண்டார். தூணைப் பார்த்துத் திரும்பு என்று இன்னும் யாரும் சொல்லாததால் மாமா சனத்தைப் பார்த்தபடிதான் நின்றார்.

போடியாருக்குக் கதிரை போட்டார்கள். உட்கார்ந்தார். பிரம்பை முழங்கால்களுக்கிடையே நிறுத்தினார்.

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தான்.

போடியார் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிரம்பைத் தரையில் வைத்துக் கைகளை வயிற்றில் கோத்தார். சிரிப்பு நாலு பக்கமும் பற்றியது. அவர் பொறுமையைத் தேடிக் கண்களை மூடி, அல்லாஹ்வின் பெயரைத் திக்ரு செய்ய உதட்டை அசைத்தார். அது போதும். சால்வையை வாய்க்குள் திணித்தவர்களின் தோளெல்லாம் குலுங்கியது. மோதினாரின் தேசிக்காய் ஒரு அடியும் அடிக்காமலே விழுந்து உருண்டது.

"என்ன? என்ன சிரிப்பு?"

போடியார் தன் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இண்டைக்கு வேணாம். எல்லாரும் போங்க."

யாருடையதோ செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. நான்கு படம், ஒரு கத்தரிக்கோல், ஊர் வழக்கத்தையே நிறுத்திவிட்டேன்! மாமாவிடம் ஓடினேன். சட்டைப் பொத்தானை இடம் மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, தப்பியாச்சு!"

"ஏன் மனே சிரிச்சாங்க?"

"உங்களைப் பாத்தில்ல மாமா. போடியாரைப் பாத்து."

"என்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டாங்க."

அவர் சொன்னது சரி. போடியாரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிவு? சிரிப்பு வந்தபோது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அத்தனை பேரும் மாமாவின் மேல் வைத்திருந்தார்கள். வெறும் மேலோடு நின்ற ஒரு மனிதனைப் பார்த்து ஊரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருந்தது.

"நீயும் சிரிச்சாய்" என்றார் மாமா. "முன்னுக்கு நிண்டு. கண்டன்."

ஒரு விண்ணப்பம்

மறுநாளே படங்கள் சவளக்கடை வயல் வாடிக்குப் போய் நெல் மூடைகளுக்குப் பின்னால் அடைந்தன. நிக்காஹ் ஆணி ஓட்டைகளின் முன்னிலையில் நடந்தது. அடியைப் பற்றிப் போடியார் மூச்சு விடவில்லை.

இதில் மாமாவுக்கு என்ன நட்டம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அடி இல்லாவிட்டால் ஸலாம் இல்லை. ஸலாம் இல்லாவிட்டால் முடிவும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்குள் மாமா நுழைந்தால் பேச்சு நின்றது. கயிற்றில் அவருக்கு முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து உதட்டைக் கடித்தான். கல்யாணம் பேசியவர் வந்து முற்றத்திலேயே நின்று சொன்னார்: "விசாரணை முடியட்டும் எண்டு மாப்புள ஊட்டார் சொல்றாங்க."

மாமா மூன்று வெள்ளிக்கிழமை போடியாரைத் தேடிப் போனார்.

"என்ட நாலு அடி, போடியார்?"

"பாப்பம், பாப்பம்."

இன்னொரு முறை அந்தக் கதிரையில் உட்காரப் போடியாருக்குத் துணிவில்லை.

நாலாவது கிழமை மாமா ஒரு முழுத் தாளோடு என்னிடம் வந்தார்.

"எழுது. ஏழு மரைக்காருக்கும் தனித்தனியா விலாசம் போடு."

பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதப் பழக்கியிருந்தார்கள். உத்தியோகம் கேட்டு எழுத வைத்திருந்த நல்ல நடையை எடுத்தேன். 'எனக்குத் தீர்ப்பளிக்கப்பட்ட நான்கு அடிகளையும் தாங்கள் தயவுகூர்ந்து அடித்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.'

"வாசி."

வாசித்தேன்.

"தயவை வெட்டு. தாழ்மையையும் வெட்டு. எனக்கு உள்ளதைத்தானே கேக்கிறன்?"

எனக்குத் தாங்கவில்லை. "மாமா, நீங்க அவர்ர வலையை இழுத்துக்கொண்டு நிண்டீங்க. அதுக்கு உங்களுக்கு அடியா? இந்த வழக்கமே பிழை."

"பிழைதான். ஆரு இல்லெண்டா? நீ பெரிய ஆளா வந்து நிப்பாட்டு. ஆனா என்னைப் பாதியில கொண்டு நிப்பாட்டாத."

இரண்டு சொல்லையும் வெட்டி, புதுத் தாளில் ஏழு பிரதி எழுதினேன். மாமா ஏழிலும் பெருவிரலைப் பதித்தார்.

ஏழு பேரின் கையிலும் கடிதம் இருந்ததால் ஒருவராலும் மறைக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முற்றத்தில் கதிரை போடவில்லை. மரைக்கார்கள் நின்றார்கள், போடியாரும் அவர்களோடு நின்றார். அடி விழுந்த சத்தத்தை எண்ணினேன். நாலு. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமா திரும்பினார். வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். லெவ்வை, மோதினார், ஏழு மரைக்கார்கள், வலைக்காரர்கள், கடைக்காரர்கள். இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார். ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள்.

நான் வரிசையின் கடைசியில் நின்றேன். மாமா என் முன்னால் வந்து, கயிறு தின்ற உள்ளங்கைகளால் என் கையைப் பிடித்தார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார், ஊரில் வேறு யாருக்கோ சொல்வதுபோல.

நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை விடவில்லை. நான் பதில் சொல்லும் வரை நின்று, அதை வாங்கிக்கொண்டுதான் போனார்.